அந்நிய வீட்டில் ஐந்து மாதங்கள்



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜூலை மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே மும்பையின் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆராதனை முடிந்து சபையார் ஒவ்வொருவராகப் புறப்பட்ட பின்னும் ஒரு சகோதரி மட்டும் எழுந்திராமல் அமர்ந்திருந்தார். அவர் கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது.

அவருடைய மகள் இங்குள்ள கல்லூரி ஒன்றில் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. பிரெஞ்சு மொழியை விருப்பப் பாடமாக எடுத்தவள். செப்டம்பர் தொடங்கி ஒரு செமஸ்டர் முழுவதும் பிரான்சு நாட்டின் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கத் தெரிவு செய்யப்பட்டிருந்தாள். தங்கப்போவது விடுதியில் அன்று, ஒரு வீட்டில். அந்த வீட்டைப் பற்றிய குறிப்பே அத்தாளில் இருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 65, கணவரை இழந்தவர், தனியாக வாழ்பவர், ஒரு பூனை உண்டு, காலை உணவும் இரவு உணவும் அளிக்கப்படும்.

"ஐயா, படிப்பைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஹாஸ்டல் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். முன்பின் முகமறியாதவர் வீட்டில் பெண்பிள்ளையை எப்படி ஐயா விடுவது?" என்று அவர் கேட்டார்.

இன்று நம்முடைய சபைகளில் பல வீடுகளில் இக்கேள்வி எழத் தொடங்கியிருக்கிறது. நம் தகப்பன்மார் நெல்லைச் சீமையிலிருந்து இரும்புப் பெட்டியோடு இந்நகரத்திற்கு வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கடல் கடந்து செல்கிறார்கள். ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் சொன்னதையும், பின்பு அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நூறாண்டு கண்ட வழக்கம்

கல்லூரி மாணவர் அயல்நாட்டுக் குடும்பத்தோடு தங்கிப் படிப்பது நேற்றுத் தோன்றிய காரியமன்று. 1923ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்து மாணவர் 8 பேர் நியூயார்க் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். அவர்களை அழைத்துச் சென்றவர் ரேமண்ட் கிர்க்பிரைட் என்ற மொழிப் பேராசிரியர். முதல் உலகப்போரில் பணியாற்றித் திரும்பியவர் அவர். மக்கள் ஒருவரையொருவர் அறியாதிருப்பதன் கேட்டைப் போர் அவருக்குக் காட்டியிருந்தது. மாணவர்கள் முதலில் நான்சி நகரத்தில் மொழிப் பயிற்சி பெற்றார்கள். பின்பு பாரிசு சென்று சோர்போன் பல்கலைக்கழகத்தில் பயின்றார்கள். தங்கியதோ பிரெஞ்சுக் குடும்பங்களில். 1925இல் ஸ்மித் என்ற பெண்கள் கல்லூரியும் தன் மாணவியரைப் பாரிசுக்கு அனுப்பத் தொடங்கியது. நூறாண்டுக்கு முன்பே பெற்றோர் பெண்பிள்ளைகளை நம்பி அனுப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அப்படிச் சென்றவர்களில் ஒருவரை உலகமே அறியும். 1949ஆம் ஆண்டில் 20 வயது நிரம்பிய ஜாக்குலின் பூவியே என்ற மாணவி ஸ்மித் கல்லூரியின் இத்திட்டத்தில் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியை மணந்தவர் இவரே. பாரிசில் தெ ராந்தி என்ற சீமாட்டியின் வீட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. சீமாட்டி என்றவுடன் மாளிகையையும் பணிவிடைக்காரரையும் எண்ணிவிடாதீர்கள். அவரும் அவருடைய கணவரும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியதற்காகச் சிறை பிடிக்கப்பட்டவர்கள். கணவர் வதைமுகாமில் மாண்டார். இவர் ராவென்ஸ்ப்ரூக் என்ற பெண்கள் முகாமிலிருந்து உயிரோடு திரும்பினார். போருக்குப் பின் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையில்தான் அவர் மாணவியரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார்.

அந்த வீட்டில் மையச் சூடேற்றும் வசதி இல்லை. குளியலறை ஒன்றை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். செல்வக் குடும்பத்தில் பிறந்த அந்த அமெரிக்கப் பெண், குளிர்காலத்தில் கையுறையும் கம்பளியும் அணிந்து படுக்கையிலிருந்தபடியே பாடம் படித்தார். வீட்டில் பேச்சு மொழி பிரெஞ்சு மட்டுமே. ஆயினும் அந்த வீட்டின் மகளாகிய கிளோத் என்பவரோடு உண்டான நட்பு நெடுங்காலம் நிலைத்தது. 1961இல் கென்னடியோடு அவர் பாரிசுக்குச் சென்றபோது, குடியரசுத் தலைவர் தெ கோல் அவருடைய பிரெஞ்சுப் பேச்சைக் கேட்டு மகிழ்ந்தார். அந்தப் பேச்சில் வகுப்பறைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, குளிர்ந்த அந்த வீட்டின் உணவு மேசைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

விருந்தினராக வாழ்ந்த ஒரு வேத அறிஞர்

ஐரோப்பிய நாடுகளுக்குள் மாணவரை அனுப்பும் பெருந்திட்டத்திற்கு எராஸ்மஸ் என்று பெயர். 1987இல் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவரோடு அது தொடங்கிற்று. அதில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் விடுதியிலோ, சேர்ந்து வாடகை கொடுக்கும் வீட்டிலோ தங்குகிறார்கள். ஆயினும் அந்தப் பெயருக்குரியவரை நாம் அறிந்திருப்பது நல்லது. அச்சிட்டு வெளியிடப்பட்ட முதல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516இல் கொண்டுவந்த அதே எராஸ்மஸ் அவர். தேசம் தேசமாய்ச் சென்று, நண்பர் வீடுகளில் தங்கி வாழ்ந்தவர். தம்முடைய புகழ்பெற்ற நூலாகிய மடமையின் புகழ்ச்சி என்பதை அவர் எழுதியது இலண்டனில் தாமஸ் மோர் என்ற நண்பரின் வீட்டில் விருந்தினராய் இருந்தபோதுதான். அதை அந்த நண்பருக்கே அர்ப்பணித்தார். பிறர் கூரையின் கீழ் இருக்கத் தெரிந்தவனுக்குப் பல தேசங்களும் சொந்த வீடாகும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

நான் அடைத்த கதவு

இதையெல்லாம் அந்தச் சகோதரிக்குச் சொன்னபின், என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொன்னேன். அதை உங்களுக்கும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வேதாகமக் கல்லூரியில் பயின்ற நாட்களில், எனக்கு வயது 22. மூன்று மாதக் களப்பயிற்சிக்காக ஆந்திர மாநிலத்துக் கிராமம் ஒன்றிற்கு அனுப்பப்பட்டேன். தெலுங்கு பேசும் ஒரு விசுவாசக் குடும்பம் தங்கள் வீட்டின் இரண்டு அறைகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தது. நானோ காலையில் எழுந்ததும் கதவை அடைத்துக்கொள்வேன். ஜெபம், வாசிப்பு, குறிப்பெழுதுதல் என்று ஒரு காரணம் எப்போதும் இருந்தது. அவர்களுடைய குழம்பின் காரம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைச் சோற்றில் பிசைந்து அறையிலேயே உண்பேன். யாருக்கும் தொந்தரவு கொடாமல் இருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

புறப்படும் நாளில் அந்த வீட்டின் பாட்டி என் கையைப் பிடித்து ஏதோ கேட்டார். மூன்று மாதம் இருந்தும் அக்கேள்வி எனக்கு விளங்கவில்லை. அயலகத்தார் ஒருவர் தமிழில் எடுத்துச் சொன்னார்: "எங்கள் வீட்டில் நீ என்ன குறை கண்டாய் என்று கேட்கிறார்." தமிழ்ப் பிள்ளைகள் எதை விரும்பி உண்பார்கள் என்று அந்தப் பாட்டி நாள்தோறும் அவரிடம் விசாரித்து வந்தாராம். சில ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அவர் உயிரோடு இல்லை.

சூநேம் ஊரின் பெண் எலிசாவுக்கு அறை கட்டிக் கொடுத்ததை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். கட்டிலும் மேஜையும் நாற்காலியும் விளக்கும் அங்கே இருந்தன. அத்தோடு நிறுத்திவிடுகிறோம். அந்த விருந்தினர் தம்மை உபசரித்தவளின் வீட்டில் என்ன குறை என்று விசாரித்தார் என்பதை நான் அந்த நாளுக்குப் பிறகே கவனித்து வாசித்தேன்.

வீட்டுக்குள் காத்திருக்கும் பாடங்கள்

அந்த மகள் புறப்பட்டாள். தங்குதல் 90 நாட்களுக்கு மேற்பட்டதாகையால் நீண்டகால மாணவர் விசா தேவைப்பட்டது. கேம்பஸ் பிரான்ஸ் அலுவலகத்தின் வழியாக அது கிடைத்தது. அங்கே போய்ச் சேர்ந்தபின் இணையவழியே அந்த விசாவை உறுதிசெய்ய வேண்டியதும் உண்டு. இவையெல்லாம் தாளில் எழுதப்பட்ட விதிகள். தாளில் எழுதப்படாத விதிகளே வீட்டில் காத்திருந்தன.

முதல் பாடம் குளியலறையில். அங்கே வாளி இல்லை, கோப்பை இல்லை. தரையில் நீர் வடிய வழியும் பெரும்பாலான வீடுகளில் இராது; நம் வழக்கப்படி நீரை ஊற்றினால் கூடம் வரை வெள்ளம். பல வீடுகளில் மின்கட்டணம் குறைவாயிருக்கும் இரவு நேரத்தில் வெந்நீர்த் தொட்டி சூடாகும். ஒருவர் நெடுநேரம் குளித்துத் தொட்டியைத் தீர்த்துவிட்டால் அடுத்தவருக்குக் குளிர்ந்த நீர்தான். பிள்ளைகள் இதை அறியாமல் செய்கிறார்கள். வீட்டுக்காரரோ கவனமின்மை என்று எண்ணுகிறார்.

இரண்டாம் பாடம் மேசையில். இரவு உணவு ஏறக்குறைய 8 மணிக்கு. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பின் மேலேயே வைப்பார்கள். கைகள் மடியில் அன்று, மேசை மேல் தெரிய இருக்க வேண்டும். உணவு ஒவ்வொன்றாக வரும், பேச்சு நீளும், முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒருநாள் இந்த மகள் இன்னும் வேண்டாம் என்பதற்கு, வயிறு நிறைந்துவிட்டது என்று தமிழில் சொல்வதை அப்படியே பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். அம்மொழியில் அது சினைப்பட்ட பசுவுக்குச் சொல்லும் சொல்! ஆசிரியை அம்மையார் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். பிறகு சரியான சொல்லைக் கற்பித்தாராம். எந்த வகுப்பில் இந்தப் பாடம் நடக்கும்?

மூன்றாம் பாடம் நம்மவருக்கு எளிது. தமிழில் நீ என்றும் நீங்கள் என்றும் இருப்பதுபோலப் பிரெஞ்சில் தூ என்றும் வூ என்றும் உண்டு. பெரியவர்களிடம் வூ என்றே தொடங்க வேண்டும். எப்போது தூ என்று மாறலாம் என்பதைப் பெரியவரே சொல்வார். அந்த நாள் வருவது அன்பின் அடையாளம்.

மதிப்பெண்ணைக் குறித்தும் பெற்றோர் அறிந்திருங்கள். அங்கே மொத்தம் 20 மதிப்பெண். 10 வாங்கினால் தேர்ச்சி, 14 நல்ல மதிப்பெண். 12 என்று கேட்டவுடன் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

விசுவாசத்தைக் குறித்து ஒரு வார்த்தை. ஐரோப்பா என்றால் எல்லோரும் ஆலயத்துக்குச் செல்வோர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரான்சில் அரசும் சபையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. சமயத்தைத் தனிமனிதரின் காரியமாகவே பலர் கருதுகிறார்கள். அறிமுகமான அன்றே அதைப் பேசுவது அங்கே நாகரிகமன்று. மேசையில் திராட்சமதுவும் இருக்கும். வேண்டாம், நன்றி என்று புன்னகையோடு சொன்னால் போதும். உபசரிப்பவர் ஊற்றும்போது அவருக்கே போதனை செய்ய வேண்டியதில்லை. உணவுக்கு முன் தலைவணங்கி அமைதியாக ஜெபிக்கும் பிள்ளையை எந்த மேசையும் தள்ளிவிடாது. பாரிசில் லா ஷப்பேல் பகுதியைச் சுற்றி ஈழத்தமிழரின் கடைகள் மிகுதியாய் உண்டு; தமிழ் ஆராதனைகளும் அந்நகரில் உண்டு. மற்ற நகரங்களில் பிரெஞ்சு மொழி ஆராதனையிலேயே அமர வேண்டியிருக்கும். அதுவும் ஒரு பாடமே.

தாயின் கைபேசி

அக்டோபர் மாதத்தில் அந்தச் சகோதரி மீண்டும் வந்தார். "பிள்ளை அழுகிறாள் ஐயா. அந்த அம்மா முன்போல முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்கிறாள்" என்றார்.

தினமும் எத்தனை மணிக்குப் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். தகப்பனார் இரண்டாம் ஷிப்டு முடிந்து வீடு வர இரவு 11 மணி ஆகும். அதன்பின் 11.30க்கு மூவரும் வீடியோவில் பேசுவார்களாம். பிள்ளை உண்பதைக் கண்ணால் கண்ட பிறகே தாய் உறங்கச் செல்வாராம்.

எனக்கு விளங்கிவிட்டது. அக்டோபர் கடைசிவரை பிரான்சின் நேரம் நம்முடையதற்கு மூன்றரை மணி பிந்தியது. மும்பையில் 11.30 என்றால் அங்கே இரவு 8 மணி. அந்த அம்மையார் மேசை விரித்து இருவருக்குத் தட்டு வைக்கும் நேரம் அதுவே. பிள்ளை தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் சென்று, கதவை அடைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து உண்டுகொண்டிருந்தாள். நாள்தோறும் எதிரே காலியான நாற்காலியோடு தனித்து உண்டார் அந்த அம்மையார். ஆந்திரத்துப் பாட்டியின் கேள்வி மீண்டும் என் காதில் ஒலித்தது.

"சகோதரி, உங்கள் அன்பில் குற்றமில்லை. ஆனால் பிள்ளையின் உடல் மட்டுமே அங்கே இருக்கிறது, அவளை இன்னும் நீங்கள் அனுப்பவில்லை" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாரத்துக்கு இரண்டு நாள், பகலில் மட்டும் பேசுகிறேன்" என்றார். 1949இல் கடிதம் வரும்வரை காத்திருந்த தாய்மாருக்கு இந்தச் சோதனை இல்லை. கையில் பிள்ளையின் முகம் தெரியும் பெட்டியை வைத்துக்கொண்டு அதை அணைத்து வைப்பது எளிய காரியமன்று. அந்தத் தாய் அதைச் செய்தார்.

நவம்பர் மாதத்தில் செய்தி மாறியது. பிள்ளை மேசையில் அமர்ந்தாள். அம்மையார் அவளுடைய உச்சரிப்பைத் திருத்தினார். அவள் ஒருநாள் ரசம் வைத்தாள். அம்மையார் அதைச் சூப்பு என்று எண்ணிக் கரண்டியால் அருந்தி, இருமி, மீண்டும் கேட்டாராம். கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம், இனி என்னைத் தூ என்றே கூப்பிடு என்று சொன்னாராம்.

துக்கச் செய்தி வரும் நாள்

இன்னொரு காரியத்தையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிறு காலை, அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்களின் பாப்திஸ்து ஆலயத்தில் இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். அதே நகரத்தில் பிறந்த ஏஞ்சலா டேவிஸ் என்ற மாணவி அப்போது ஓராண்டுப் படிப்புக்காகப் பிரான்சுக்கு வந்திருந்தார். பின்னாளில் பேராசிரியராகவும் போராளியாகவும் பெயர் பெற்றவர் அவர். பியாரிட்ஸ் என்ற கடற்கரை ஊரில் செய்தித்தாளைப் பிரித்தபோது, இறந்தவர்களில் தாம் அறிந்த பிள்ளைகளின் பெயர்களைக் கண்டார். உடனிருந்தவர்கள் இரங்கினார்கள், ஆனால் அந்தத் துக்கத்தின் ஆழம் அவர்களுக்கு எட்டவில்லை.

அந்நகரம் விட்டு இந்நகரம் வந்த நமக்கு இது புதிதன்று. ஊரிலிருந்து இறப்புச் செய்தி வர, டிக்கெட் கிடைக்காமல் தாதர் நிலையத்தில் நின்று அழுதவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆகவே பிள்ளை புறப்படுமுன்பே பேசிவையுங்கள். இப்படி ஒரு செய்தி வந்தால் யார் சொல்வது, யாரிடம் அவள் முதலில் போய் அமர்வது என்பது தெரிந்திருக்கட்டும். அந்த வீட்டாரிடம் சொல்லத் தயங்கலாகாது என்றும் சொல்லுங்கள். மேசையில் நாள்தோறும் அமர்ந்த பிள்ளைக்கு அன்று தோள் கொடுக்க ஒருவர் இருப்பார். கதவை அடைத்திருந்த பிள்ளைக்கு அது கடினம்.

பெற்றோருக்குச் சில ஆலோசனைகள்

வீட்டைத் தெரிவு செய்தது யார் என்று கல்லூரியில் கேட்டு அறியுங்கள். முன்பு அந்த வீட்டில் தங்கிய மாணவர் ஒருவரோடு பேசுங்கள். அங்கே பொறுப்பாளர் யார், இரவில் அழைக்க வேண்டிய எண் எது என்று எழுதி வாங்குங்கள்.

வீட்டில் தகாத பேச்சோ தொடுகையோ அச்சமோ உண்டானால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லவும், வேறு வீடு கேட்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதைச் சகித்திருப்பது தாழ்மையன்று. குளிரும் காரமற்ற உணவும் தனிமையும் வேறு, தீங்கு வேறு. இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொடுங்கள்.

வீட்டார் பணம் பெறுகிறார்கள் என்பதால் அவர்களை இழிவாக எண்ணாதிருங்கள். வதைமுகாமிலிருந்து மீண்ட அந்தச் சீமாட்டியும் பணம் பெற்றே இடம் கொடுத்தார். இந்த நகரத்தில் முதன்முதல் நமக்கு மூலையில் பாய் விரிக்க இடம் தந்த ஊர்க்காரருக்கு நாமும் மாதந்தோறும் கொடுத்தோமல்லவா? கொடுத்த பணம் மறந்துபோயிற்று. விரித்த பாய் மறக்கவில்லை.

இறுதியாக

அந்த மகள் ஜனவரி இறுதியில் திரும்பி வந்தாள். இப்பொழுது வேலைக்குச் செல்கிறாள். போன மாதம் அந்தச் சகோதரி ஆராதனைக்குப் பின் மீண்டும் என்னிடம் வந்தார். கையில் தாள் இல்லை. முகத்தில் மட்டும் அதே கலக்கம்.

"ஐயா, அந்த அம்மா டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு வருகிறாராம். இரண்டு வாரம் தங்குவாராம். எங்கள் வீடு ஒரே அறை. கழிவறையும் வெளியே பொதுவானது. அவரை எங்கே படுக்க வைப்பது? நம் காரம் அவருக்கு ஆகுமா? என்னதான் சாப்பிடுவார் என்று பிள்ளையிடம் தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்" என்றார்.

நான் சிரித்தேன். "சகோதரி, முன்பின் முகமறியாதவர் வீட்டில் எப்படி விடுவது என்று கேட்டீர்களே, நினைவிருக்கிறதா?" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளைக்காக எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அந்த மேசையில் போய் அமரும்படி உங்கள் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.